கீசர் பொரிய ஆரம்பித்தால்

போன மார்கழியில் எங்கள் வீட்டுக் கீசர் சோளம் பொரிக்க ஆரம்பித்தது. ஸ்விட்சைப் போட்டு ஐந்து நிமிடம் ஆனதும் உள்ளே பட்... பட்... என்று சத்தம், போகப்போக அது கூடி, தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டு உருட்டுகிற மாதிரி கடகடவென்று ஆகி, விளக்கு அணைந்ததும் நின்றுவிடும். வெந்நீர் வருகிறது, அப்புறமென்ன என்று ஒரு மாதம் விட்டுவிட்டேன். பிறகு வந்த மெக்கானிக் அடிமூடியைக் கழற்றித் தண்ணீரைச் சூடாக்கும் காயிலை இழுத்தார், இழுத்தார், வரவே இல்லை. கடைசியில் வந்தது காயில் மாதிரியே இல்லை, சுண்ணாம்பில் முக்கியெடுத்த முருங்கைக்காய் மாதிரி இருந்தது. "உப்பு கட்டிப்போச்சுங்க. இத்தன நாள் தாங்குனதே பெருசு" என்றார். கூடவே ஒரு கை நிறைய வெள்ளைச் சில்லுகளும் பொலபொலவென்று கொட்டின, முட்டை ஓடு மாதிரி. சும்மா உவமைக்குச் சொல்லவில்லை, முட்டை ஓடும் அதுவும் ஒரே பொருள்தான்: கால்சியம் கார்பனேட்.

கோவையில் நிறைய வீடுகளில் இரண்டு குழாய் உண்டு. ஒன்றில் நல்ல தண்ணி, அதாவது சிறுவாணி அணைத் தண்ணீர். இன்னொன்றில் உப்புத் தண்ணி, அதாவது ஆழ்துளைக் கிணற்று (போர்) தண்ணீர். குடிக்க, சமைக்க நல்ல தண்ணி, குளிக்கத் துவைக்க உப்புத் தண்ணி என்பது எழுதாத சட்டம், அதனால் கீசருக்குள் போவது பெரும்பாலும் போர் தண்ணீர்தான். பேர்தான் உப்பே தவிர, கீசரைக் கெடுப்பது சாப்பாட்டு உப்பு இல்லை. சாப்பாட்டு உப்பு சூடானால் தண்ணீரில் இன்னும் கொஞ்சம் நன்றாகவே கரையும். போர் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட் நேர் எதிர்: சூடு ஏறியதும் அது உடைந்து, கார்பன் டை ஆக்சைடு வாயுவாகப் பிரிந்து போக, கரையாத கார்பனேட் மிச்சமாகிறது. எங்கே சூடு அதிகமோ அங்கேதான் அது போய் ஒட்டும். கீசருக்குள் அதிகச் சூடான இடம் காயிலின் மேல்தோல்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். குடிநீரில் கடினத்தன்மை, அதாவது கரைந்திருக்கும் கால்சியம், மக்னீசியம் உப்புகளின் அளவு, லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு தண்ணீருக்கு வழியில்லை என்றால் 600 வரை போகலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணய அமைப்பு. அந்த 600 மில்லிகிராம் தண்ணீரை ஒரு வீட்டில் தினமும் 100 லிட்டர் சூடாக்கினால் வருடத்துக்குக் கீசர் வழியாகக் கடந்து போகும் சுண்ணாம்பு கிட்டத்தட்ட 22 கிலோ. நூறில் ஒரு பங்குதான் உள்ளே தங்குகிறது என்று வைத்துக்கொண்டாலும் 220 கிராம். 15 லிட்டர் தொட்டிக்கு அது சின்ன விஷயம் இல்லை.

இப்போது அந்தச் சத்தம். காயிலுக்கும் அதன்மேல் படிந்த சுண்ணாம்புக் காறைக்கும் இடையே சின்னச் சின்ன இடுக்குகளில் தண்ணீர் மாட்டிக்கொள்கிறது. சுற்றியுள்ள தண்ணீர் 40 டிகிரியில் இருந்தாலும் இடுக்கில் இருப்பது கொதித்து ஆவியாகி வெளியே பீறிடும், வந்ததும் குளிர்ந்த தண்ணீர் பட்டு அந்த ஆவிக் குமிழி சட்டென்று நசுங்கும். அந்த நசுங்கல்தான் 'பட்'. நூற்றுக்கணக்கில் நடந்தால் கடகட. ஆக, கீசர் பொரிகிறது என்றால் காயில் தன் சூட்டைத் தண்ணீரிடம் ஒழுங்காகக் கொடுக்க முடியாமல் திணறுகிறது என்று அர்த்தம்.

"உப்பு கட்டினா கரண்ட் பில் எகிறும்" என்று எல்லோரும் சொல்வார்கள். மின்சாரக் கீசரில் இது பெரும்பாலும் சரியில்லை. காயில் தண்ணீருக்குள்ளேயே மூழ்கி இருக்கிறது, அதில் பிறக்கும் வெப்பம் தண்ணீரைத் தவிர வேறெங்கே போகும்? காறை தடுத்தால் காயிலின் சூடு இன்னும் ஏறும், ஏறி எப்படியாவது வெப்பத்தை வெளியே தள்ளிவிடும். ஆகவே பில்லில் பெரிய மாற்றம் தெரியாது, உள்ளே காயில்தான் வெந்து சாகும். அம்மாயி (அம்மாவின் அம்மா) வீட்டுச் செம்பு பாய்லர் வேறு ஜாதி. நடுவில் குழாய், அதில் கொட்டாங்குச்சியும் கரியும் எரியும், சுற்றித் தண்ணீர். அதில் காறை படிந்தால் தண்ணீருக்குள் போக முடியாத வெப்பம் குழாய் வழியே மேலே புகையோடு போய்விடும். 'இப்பெல்லாம் ரெண்டு கொட்டாங்குச்சி சேத்தி கேக்குது' என்று அம்மாயி சொன்னால் பாய்லரைக் கழுவும் நாள் வந்துவிட்டது என்று அர்த்தம். அவர் எரிபொருளை எண்ணிக் கண்டுபிடித்ததை நாம் காதால்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

கடிகாரமும் உதவும். 15 லிட்டர் தண்ணீரை 30 டிகிரி உயர்த்த 2000 வாட் காயிலுக்கு ஏறக்குறைய 16 நிமிடம் ஆகும். கீசர் நன்றாக இருக்கும்போதே ஒருநாள் நேரம் பார்த்துக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஏழெட்டு நிமிடத்தில் விளக்கு அணைந்து தண்ணீரும் வெதுவெதுப்பாகவே இருந்தால், காயிலுக்குப் பக்கத்தில் இருந்து, சூடு போதும் என்றதும் மின்சாரத்தை நிறுத்தும் தெர்மோஸ்டாட் காறை வழியாக வரும் சூட்டைத் தண்ணீரின் சூடு என்று நம்பி ஏமாந்திருக்கலாம். இல்லை, அதுவே பழுதாகியிருக்கலாம். நேரம் கூடினால் உடனே மெக்கானிக்கைக் கூப்பிடாதீர்கள், முதலில் வோல்டேஜைப் பாருங்கள். 230 வோல்ட் 190க்கு இறங்கினால் 2000 வாட் காயில் 1365 வாட்தான் தரும், 16 நிமிடம் 23 ஆகிவிடும். அதற்குக் கீசர் என்ன செய்யும், பாவம்.

சத்தமே போடாமல் தேயும் ஒரு பொருளும் உள்ளே உண்டு. கண்ணாடிப் பூச்சு பூசிய எஃகுத் தொட்டி என்றால் அதில் ஒரு மக்னீசியக் கம்பி இருக்கும். எஃகுக்குப் பதிலாகத் தான் அரிபட்டுப் போவதுதான் அதன் வேலை. இந்தத் தந்திரத்தை 1824இல் ஆங்கிலேய வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி பிரிட்டிஷ் கடற்படைக்குச் சொன்னார்: கப்பலடியில் அடித்த செப்புத் தகடு கடல்நீரில் அரிக்காமல் இருக்க, அதோடு கொஞ்சம் துத்தநாகமோ இரும்போ சேர்த்து வையுங்கள். செம்பு பிழைத்தது. ஆனால் செம்பு கரையாததால் அதன் நஞ்சும் கரையவில்லை, கப்பலடியில் பாசியும் ஓட்டு உயிர்களும் ஜோராக ஒட்டி வளர்ந்து வேகத்தைக் கெடுத்தன! கீசருக்கு அந்தக் கவலை இல்லை. உப்புத் தண்ணீரில் கம்பி சீக்கிரம் கரையும், அவ்வளவுதான், அதனால் வருடம் ஒருமுறை திறந்து பார்ப்பது நல்லது. வெந்நீர் மட்டும் பழுப்பாக வந்தால் கம்பி போய்த் தொட்டி துருப்பிடிக்கிறது என்று சந்தேகிக்கலாம். பச்சைத் தண்ணீரும் பழுப்பாக வந்தால் மொட்டை மாடித் தொட்டியைப் பாருங்கள், கீசர் மேல் தப்பில்லை. கீசரின் தொட்டியே ஒழுக ஆரம்பித்துவிட்டால் சர்வீஸ் என்ற பேச்சுக்கே இடமில்லை.

பாதுகாப்பு வால்வில் சொட்டுகிறதே என்று பயப்படுகிறவர்கள் உண்டு. 15 லிட்டர் தண்ணீர் 25 டிகிரியிலிருந்து 60 போகும்போது 200 மில்லிக்கு மேல் விரியும், ஒரு டம்ளர். உள்ளே வரும் வழியில் தண்ணீரைத் திரும்பிப் போக விடாத வால்வு இருந்தால் அந்த டம்ளர் எங்காவது வெளியேற வேண்டும். ஆகவே சூடாகும்போது மட்டும் சொட்டினால் சரி, ஸ்விட்ச் அணைந்து ராத்திரி முழுக்கச் சொட்டினால் வால்வு போய்விட்டது. சொட்டுகிறது என்று அதை அடைத்து வைக்கும் புத்திசாலித்தனம் மட்டும் வேண்டாம்.

தள்ளிப்போடவே கூடாத அறிகுறி, குழாயைத் தொட்டால் சுரீரென்பது. காயிலின் மேல்தோலில் ஊசித்துளை விழுந்து, உள்ளே மின்சாரத்தைத் தடுக்கும் மக்னீசியம் ஆக்சைடு பொடி நனைந்துவிட்டால் மின்கசிவு தொடங்கும். வீட்டில் 30 மில்லிஆம்பியர் கசிவுத் தடுப்பு ஸ்விட்ச் இருந்தால் கீசர் போட்டதும் டிரிப் ஆகும். திரும்பத் திரும்பத் தூக்கிவிட்டு விளையாடக் கூடாது, மெயினை அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிட வேண்டும். கேஸ் கீசர் வைத்திருப்பவர்களுக்கு ஆபத்து வேறு பக்கம்: நீலச் சுடர் மஞ்சளாகிக் கரி படிந்தால் கார்பன் மோனாக்சைடு வருகிறது என்று அர்த்தம், அதற்கு வாசனை கிடையாது, மூடிய குளியலறையில் ஆளையே கொன்றுவிடும்.

எங்கள் காயில் தப்பித்தது. மெக்கானிக் ஒரு வாளியில் எலுமிச்சை உப்பை (சிட்ரிக் அமிலம்) கரைத்துக் காயிலை அதற்குள் போட்டார், சோடா மாதிரி நுரைத்தது. அன்று சாயங்காலம் குளியலறை வாசலில் நின்று கேட்டேன். தெர்மோஸ்டாட் அணைகிற 'டக்' மட்டும்தான்.