'லெஃப்ட்' என்றார்கள், 'லிஃப்ட்' என்று கேட்டது

வெளிநாடு போகும் நர்ஸ்களுக்கு ஓஇடி என்ற ஆங்கிலத் தேர்வுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. போன மாதம் நியூசிலாந்திலிருந்து பழைய மாணவி ஒருத்தி கூப்பிட்டாள். "மேம், மானம் போச்சு. சீனியர் 'லெஃப்ட் லெக்'னு சொன்னாங்க. நான் பேஷண்ட்டோட வலது காலைத் தூக்கிப் பிடிச்சுட்டு நிக்கிறேன்." அவள் காதில் விழுந்தது 'லிஃப்ட்'.

காதில் கோளாறு இல்லை. அங்கே 'எ' அந்த அளவுக்கு 'இ'யை ஒட்டிப் போய்விட்டது. பஸ் சீட்டில் ஒருவர் நகர்ந்தால் அடுத்தவரும் நகர வேண்டியிருக்கிறதே, அதே கதைதான். 'பேட்' நம் காதுக்கு 'பெட்' போலக் கேட்கும். 'பெட்' 'பிட்' ஆகும். இடமில்லாமல் போன 'பிட்' வாயின் நடுப்பக்கம் ஒதுங்கி ஏறக்குறைய 'பட்' ஆகிவிடும். (நாம் நேர் எதிர். இலையை எலை என்போம், இடத்தை எடம் என்போம்.)

பக்கத்து ஆஸ்திரேலியாவிலும் 'பேட்', 'பெட்' இரண்டின் உயிரொலிகளும் ஓரளவு இப்படி நகர்ந்தவைதான். 1860களில் நியூசிலாந்தின் ஒட்டாகோவில் தங்கம் கிடைத்ததும் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா சுரங்கங்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் கடல் தாண்டி வந்தார்கள். பேச்சும் கூடவே வந்தது. 'இ'யில்தான் இருவரும் பிரிந்தார்கள். ஆஸ்திரேலியர் அதை 'ஈ' பக்கம் இழுத்துவிட்டார்கள். ஒரே மீனை அவர்கள் 'ஃபீஷ்' என்கிறார்கள் என்று இவர்களும், இவர்கள் 'ஃபஷ்' என்கிறார்கள் என்று அவர்களும் கேலி பேசுவது இன்றும் ஓயவில்லை.

கேலி இருந்தாலும் அடுத்தவர் உச்சரிப்பு ஒட்டாமல் இருப்பதில்லை. ஆஸ்திரேலியர் ஒருவரின் குரலைக் கேட்டு நியூசிலாந்துக்காரர்களைத் திருப்பிச் சொல்லவைத்த ஆய்வு 2010இல் வெளியானது. உள்ளூர ஆஸ்திரேலியா மீது பிரியம் இருந்தவர்களின் உயிரொலிகள் அந்தப் பக்கம் கூடுதலாகச் சாய்ந்தன. எனக்கு இதைவிட வியப்பு, கேட்பவர்களை வைத்து 2006இல் வந்த ஆய்வு. பேசியது நியூசிலாந்துக் குரல்தான். விடைத்தாளின் தலையில் 'ஆஸ்திரேலியர்' என்று இருந்தால் போதும், கேட்டவர்கள் தங்கள் காதில் விழுந்ததாகத் தேர்ந்தெடுத்த உயிரொலி ஆஸ்திரேலியப் பக்கம் நகர்ந்தது!

ஆகவே, நியூசிலாந்தில் வேலை கிடைத்தவர்களே, ஆஸ்திரேலிய யூடியூப் பார்த்துக் காதைப் பழக்காதீர்கள். நியூசிலாந்து ரேடியோ செய்தியைக் கேளுங்கள். 'இயர்' (காது), 'ஏர்' (காற்று) இரண்டையும் அங்கே பலர் ஒரே மாதிரி சொல்வார்கள், அதையும் மனதில் வையுங்கள். சந்தேகம் வந்தால் கேட்டுவிடுங்கள். வார்டில் வெட்கம் பார்க்க முடியாது.

என் மாணவி இப்போதெல்லாம் காலைச் சுட்டிக்காட்டி, "திஸ் ஒன்?" என்று கேட்டுவிட்டுத்தான் கை வைக்கிறாளாம்.