சாப்பாட்டு டப்பாவையும் கொண்டு வாருங்கள்

ரத்தப் பரிசோதனை அறிக்கையோடு மதியச் சாப்பாட்டு டப்பாவையும் கொண்டு வரச் சொல்வது என் வழக்கம். கிருஷ்ணகிரியில் உணவு ஆலோசகராக இருக்கிறேன். "எல்லாம் சாப்பிடுகிறேன் மேடம்" என்ற பதிலைவிட அந்த டப்பா கூடுதலாகப் பேசும்.

சமீபத்தில் பர்கூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஓர் இளம்பெண் வந்தார். ஓசூரில் தொழிற்சாலை வேலை. விடியுமுன்பே பஸ் பிடிக்க வேண்டும். முடி கொட்டுகிறது, பிற்பகலில் கண் சொக்குகிறது என்றார். பையில் கிட்டத்தட்ட இரண்டாயிரம் ரூபாய்க்கு வாங்கிய புரத மாவு இருந்தது. சாப்பாட்டு டப்பாவில் அழுத்தி நிரப்பிய தக்காளி சாதம், மூலையில் ஊறுகாய், நமத்துப்போன அப்பளம். முடி கொட்டுவதற்குத் தைராய்டு, ரத்தசோகை என்று வேறு காரணங்களும் உண்டு. அதற்கு மருத்துவரிடம் அனுப்பினேன். டப்பா என் பொறுப்பு.

கணக்கு எளிது. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரை. 55 கிலோ பெண்ணுக்கு ஏறக்குறைய 46 கிராம். 300 கிராம் சோற்றில் கிடைப்பது எட்டு கிராம்தான். அதே டப்பாவில் சோற்றை 200 கிராமாகக் குறைத்து, 40 கிராம் தட்டைப்பயறைச் சுண்டலாக்கி, ஒரு அவித்த முட்டையும் வைத்தால் இருபது கிராம் வந்துவிடும். கால் கிலோ பயறு ஆறு நாள் வேலைக்குப் போதும். முட்டை சாப்பிடாதவர்கள் ஒரு கைப்பிடி வறுத்த நிலக்கடலையைச் சேர்க்கலாம். ரேஷனில் கிலோ 30 ரூபாய்க்குக் கிடைக்கும் துவரம்பருப்பையும் தண்ணீராய்க் கரைக்காமல் கெட்டியாகக் கடைந்து கொண்டு போகலாம்.

நம் ஊரில் கேழ்வரகின் மீது ஒரு மயக்கம் உண்டு. களி தின்றால் புரதத்துக்குக் குறைவில்லை என்பார்கள். அதன் பெருமை சுண்ணாம்புச்சத்தில் இருக்கிறது. புரதம் 100 கிராம் மாவுக்கு ஏழு கிராம்தான், கிட்டத்தட்ட வேகாத அரிசி அளவு. களிக்குக் கொள்ளுக் குழம்பையும் அவரைக்கொட்டைக் குழம்பையும் ஜோடி சேர்த்த பாட்டிகள்தான் கெட்டிக்காரர்கள். புரதத்தின் ஒரு கூறான லைசின் என்ற அமினோ அமிலம் தானியத்தில் குறைவு, பயறில் நிறைய இருக்கிறது. ஆனால் கொள்ளு வேகவைத்த நீரில் ரசம் வைத்துவிட்டு, வெந்த பயறை மாட்டுத் தொட்டியில் கொட்டும் வீடுகளை இன்றும் பார்க்கிறேன். 100 கிராம் கொள்ளில் 22 கிராம் புரதம். அதில் பெரும்பங்கு மாட்டுக்குப் போகிறது! மாட்டின் மேல் எனக்குப் பொறாமை இல்லை, வீட்டுக்காரர் என்னிடம் வந்து சோர்வு என்று சொல்லும்போதுதான் வருத்தம்.

கொள்ளு சூடு என்பவர்களோடு நான் வாதாடுவதில்லை. கோடையில் பாசிப்பயறுக்கு மாறிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடுவேன். வாயுத் தொல்லை என்றால் ஊறவைத்த நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் பெருங்காயம், பூண்டு சேர்த்து வேகவைத்து, சிறிய அளவில் தொடங்கினால் வயிறு பழகிவிடும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

டப்பா மதியம் வரை கெடாமல் இருப்பதும் முக்கியம். சுண்டலில் தேங்காய் வேண்டாம், சீக்கிரம் ஊசிவிடும். தயிர் சாதமென்றால் ஆறிய சோற்றில் பால் ஊற்றி ஒரு கரண்டி தயிர் விட்டால், உண்ணும் நேரத்துக்குப் புளிக்காமல் பதமாக இருக்கும். பயறில் எலுமிச்சை பிழிந்தால் இரும்புச்சத்து நன்றாக உடலில் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அந்த லாபம் போய்விடும். ஒரு மணி நேரம் பொறுக்கலாம்.

இந்த வேலை காலையில் நடப்பதே இல்லை. நான்கு மணிக்கு எழுந்து பயறைத் தேடினால் தக்காளி சாதம்தான் மிஞ்சும். இரவு பாத்திரம் கழுவும்போதே ஒரு கிண்ணத்தில் பயறை ஊறப்போட வேண்டும். அந்தப் பெண்ணுக்கு எழுதிக் கொடுத்த முதல் வரி அதுதான். "எனக்கு ஒரு வாரம் இரவு ஷிப்ட் வருமே?" என்றார். அந்த வாரம் காலையில் வீட்டுக்கு வந்ததும் பயறை ஊறவைத்துவிட்டுத் தூங்கப் போகச் சொன்னேன்.