ஒரு லிட்டர் பெட்ரோலும் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடும்

ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை ஏறத்தாழ முக்கால் கிலோ. அது முழுதாக எரிந்து முடிந்தால் வெளியே வரும் கார்பன் டை ஆக்சைடு மட்டும் சுமார் 2.3 கிலோ இருக்கும். அதோடு ஒரு கிலோ அளவுக்குத் தண்ணீரும் ஆவியாக வெளியேறும். முக்கால் கிலோவைக் கொளுத்தினால் மூன்று கிலோவுக்கு மேல் வருகிறது என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. எரிந்தால் பொருள் குறையும், கடைசியில் கொஞ்சம் சாம்பல் மிஞ்சும் என்றுதானே பார்த்துப் பழகியிருக்கிறோம்.

கூடுதல் எடை காற்றிலிருந்து வருகிறது. பெட்ரோல் பல சேர்மங்களின் கலவை. கணக்குக்கு அதில் ஆக்டேனை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஓர் ஆக்டேன் மூலக்கூறில் 8 கார்பன் அணுக்களும் 18 ஹைட்ரஜன் அணுக்களும் இருக்கின்றன. எரியும்போது ஒவ்வொரு கார்பனும் இரண்டு ஆக்சிஜன் அணுக்களைப் பிடித்துக்கொண்டு கார்பன் டை ஆக்சைடு ஆகிறது. ஹைட்ரஜன்கள் இரண்டிரண்டாக ஓர் ஆக்சிஜனோடு சேர்ந்து தண்ணீராகின்றன. கார்பனின் அணு நிறை 12, ஆக்சிஜனுடையது 16. அதனால் 12 கிராம் கார்பன் 32 கிராம் ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு 44 கிராம் கார்பன் டை ஆக்சைடாக வெளியே போகிறது. அந்த வாயுவின் எடையில் கால் பங்குக்குச் சற்று மேல்தான் எரிபொருளிலிருந்து வந்தது. மீதி முழுவதும் காற்றிலிருந்து எடுத்தது.

காற்றில் ஆக்சிஜன் ஐந்தில் ஒரு பங்குதான். ஆகவே ஒரு லிட்டர் பெட்ரோலை முழுதாக எரிக்க ஏறத்தாழ 11 கிலோ காற்று வேண்டும். கன அளவில் சுமார் 9,000 லிட்டர். எஞ்சின் எரிப்பதில் பெரும்பகுதி நாம் டாங்கில் ஊற்றாத பொருள். எரிதலைப் பற்றி ஒன்றே ஒன்றைப் பள்ளியில் சொல்லித்தரலாம் என்றால் நான் இதைத்தான் சொல்லித்தருவேன்.

இது புரிவதற்கே நெடுங்காலம் ஆனது. எரியும் பொருளிலிருந்து ஃபுளோஜிஸ்டன் என்ற ஏதோ ஒன்று வெளியேறுகிறது என்று 18ஆம் நூற்றாண்டில் பெரிய வேதியியலாளர்களே நம்பினார்கள். 1772இல் பிரான்சின் லவாய்சியர், பாஸ்பரஸும் கந்தகமும் எரியும்போது எடை கூடுவதைக் கவனித்தார். வெளியே ஏதோ போகிறது என்றால் எடை எப்படிக் கூடும்? தராசை நம்பி அவர் தொடர்ந்து செய்த சோதனைகள், எரிதல் என்பது ஆக்சிஜனோடு சேர்வது என்ற முடிவில் கொண்டுவிட்டன.

சரி, வெப்பம் எங்கிருந்து வருகிறது? எரிபொருளின் பிணைப்புகளுக்குள் ஆற்றல் அடைபட்டுக் கிடக்கிறது, உடைத்தால் வெளியே வருகிறது என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். உண்மை நேர்மாறானது. பிணைப்பை உடைக்க நாம்தான் ஆற்றல் தரவேண்டும். புதிய பிணைப்பு உருவாகும்போதுதான் ஆற்றல் வெளிவரும். இயற்கை எரிவாயுவின் முக்கியப் பொருளான மீத்தேனில் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 16 கிராம் மீத்தேனிலும் அது எரியத் தேவையான 64 கிராம் ஆக்சிஜனிலும் உள்ள பிணைப்புகளை முழுவதும் உடைக்க ஏறத்தாழ 2,650 கிலோஜூல் செலவாகும். அதே அணுக்கள் கார்பன் டை ஆக்சைடாகவும் நீராவியாகவும் கூடும்போது 3,450 கிலோஜூல் அளவுக்குத் திரும்பக் கிடைக்கும். இடையிலுள்ள 800 கிலோஜூல்தான் நமக்குக் கிடைக்கும் வெப்பம். முதலில் செலவழித்தால்தான் பின்னால் வரவு. எரிபொருளும் காற்றும் பக்கத்தில் இருந்தாலே தீப்பிடித்துவிடாமல், ஒரு பொறி தேவைப்படுவது இதனால்தான்.

இந்த எரிபொருள்கள் உருவான கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நிலக்கரியின் பெரும்பகுதி, சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன் சதுப்புக் காடுகளில் விழுந்து, முழுதாக மட்காமல் புதைந்த தாவரங்கள். கச்சா எண்ணெயும் எரிவாயுவும் பெரும்பாலும் கடலின் நுண்ணுயிரிகள் சேற்றோடு படிந்து, ஆழத்தில் அழுத்தமும் வெப்பமும் பட்டு மாறியவை. கச்சா எண்ணெயை ஏறக்குறைய 350 டிகிரிக்குச் சூடாக்கி உயரமான கோபுரத்துக்குள் செலுத்தினால், சிறிய மூலக்கூறுகள் மேலேயும் பெரியவை கீழேயுமாகப் பிரியும். மேலிருந்து கீழே சமையல் வாயு, பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல், கடைசியில் தார்.

இதுவரை சொன்னது, போதிய காற்று கிடைத்தால் நடப்பது. கிடைக்காவிட்டால்? கார்பனுக்கு இரண்டுக்குப் பதில் ஓர் ஆக்சிஜன்தான் வாய்க்கும். அதுதான் கார்பன் மோனாக்சைடு. நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபின், ஆக்சிஜனைப் பிடிப்பதைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக இதைப் பிடித்துக்கொள்ளும். மூடிய அறையில் கரி மூட்டிவிட்டுத் தூங்குபவர்கள் எழுந்திருக்காமல் போவது இதனால்தான். மூச்சுத் திணறுவதுபோல் தோன்றாததால் ஆபத்து தெரியாது. தலைவலியும் மயக்கமும்தான் வரும். தயவுசெய்து இதை மட்டும் மறக்காதீர்கள்.

காற்று இன்னும் குறைந்தால் சில கார்பன்களுக்கு ஆக்சிஜனே கிடைக்காது. அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு புகைக்கரியாகும். மெழுகுவத்திச் சுடரின் மஞ்சள் ஒளி, வெப்பத்தில் கனன்று ஒளிரும் இந்தக் கரித்துகள்களின் ஒளிதான். ஒரு பீங்கான் தட்டைச் சுடரின் மஞ்சள் பகுதியில் ஒரு நொடி காட்டினால் கறுப்பாகப் படியும். காற்று நன்றாகக் கலந்த எரிவாயு அடுப்பின் நீலச் சுடரில் அது படியாது. அடுப்பின் சுடர் மஞ்சளாக மாறினால், பர்னரில் காற்று போகும் வழி அடைத்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும்.

அப்புறம் எரிபொருளோடு ஒட்டிக்கொண்டு வருபவை. உயிரினங்களின் உடலிலும் புதைந்த சேற்றிலும் கந்தகம் இருந்ததால் நிலக்கரியிலும் எண்ணெயிலும் அது இருக்கிறது. எரிந்தால் கந்தக டை ஆக்சைடு, மழைநீரோடு சேர்ந்தால் கடைசியில் கந்தக அமிலம். 1952 டிசம்பரில் லண்டனில் காற்று அசையாத குளிரில் நிலக்கரிப் புகை ஐந்து நாள் தேங்கி நின்றது. அப்போதைய கணக்குப்படியே சுமார் 4,000 பேர் இறந்தார்கள். பிற்கால ஆய்வுகள் 12,000 வரை சொல்கின்றன. நைட்ரஜன் ஆக்சைடுகளின் கதை வேறு. வாகனப் புகையில் அவற்றின் நைட்ரஜன் பெரும்பாலும் எரிபொருளிலிருந்து வருவதே இல்லை. எஞ்சினுக்குள் எழும் கடும் வெப்பத்தில், சாதாரணமாக எதிலும் சேராமல் சும்மா இருக்கும் காற்றின் நைட்ரஜனே ஆக்சிஜனோடு சேர்ந்துவிடுகிறது.

இந்த மாசுகளுக்கெல்லாம் வழி இருக்கிறது. எரிபொருளிலிருந்து கந்தகத்தை முன்கூட்டியே நீக்கலாம். அனல்மின் நிலையப் புகையில் சுண்ணாம்புக்கல் கூழைத் தெளித்து, கந்தகத்தை ஜிப்சமாகப் பிடிக்கலாம். வாகனத்தின் வினையூக்கி மாற்றியில் உள்ள பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகியவை கார்பன் மோனாக்சைடைக் கார்பன் டை ஆக்சைடாகவும், நைட்ரஜன் ஆக்சைடை மறுபடி நைட்ரஜனாகவும் மாற்றிவிடுகின்றன.

கார்பன் டை ஆக்சைடு இந்தப் பட்டியலில் சேராது. அது எரிபொருளின் அழுக்கோ எஞ்சினின் கோளாறோ அல்ல. எரிதல் குறையில்லாமல் நடந்தால் கிடைக்கவேண்டிய விளைபொருளே அதுதான். எஞ்சினை எவ்வளவு சுத்தமாக எரியவைத்தாலும் ஒரு லிட்டருக்கு 2.3 கிலோ வந்தே தீரும். மேலே சொன்ன வினையூக்கி மாற்றியும் அதைக் கூட்டத்தான் செய்கிறது. சுண்ணாம்புக்கல் கந்தகத்தைப் பிடிக்கும்போதுகூடக் கார்பன் டை ஆக்சைடை வெளியிடுகிறது. புகை கண்ணுக்குத் தெரியாவிட்டால் மாசு இல்லை என்று நினைப்பது இந்த இடத்தில்தான் தவறாகிறது.

ஒரே தனிமத்தின் இரண்டு அணுக்களால் ஆன நைட்ரஜனும் ஆக்சிஜனும் பூமியிலிருந்து வெப்பமாகக் கிளம்பும் அகச்சிவப்புக் கதிர்களை அப்படியே போகவிடுகின்றன. மூன்று அணுக்களைக் கொண்ட கார்பன் டை ஆக்சைடு வளைந்து அதிரக்கூடியது. அந்த அதிர்வுக்கு ஏற்ற கதிரை அது உறிஞ்சிக்கொண்டு, ஒரு பங்கைப் பூமிக்கே திருப்பி அனுப்பி அதைச் சூடேற்றுகிறது. ஜான் டின்டால் 1859இலேயே வாயுக்களின் இந்தக் குணத்தை ஆய்வகத்தில் அளக்கத் தொடங்கிவிட்டார்.

காற்றில் கூடியிருப்பது நாம் எரித்த கார்பன்தான் என்பதற்கு இரண்டு நல்ல சாட்சிகள் உண்டு. கார்பனின் கதிரியக்க வகையான கார்பன்-14 ஐசோடோப்பு 5,730 ஆண்டுகளில் பாதியாகிவிடும். கோடிக்கணக்கான ஆண்டுகள் புதைந்திருந்த எரிபொருளில் அது மிஞ்சியிருக்காது. அந்தக் கார்பன் காற்றில் கலந்தால், கார்பன்-14இன் விகிதம் குறையவேண்டும். அப்படிக் குறைந்ததன் தடத்தை 1950களில் ஹான்ஸ் சூஸ் மரங்களின் கட்டையில் கண்டார். இன்னொரு சாட்சி ஆக்சிஜன். ஹவாயின் மௌனா லோவாவில் 1958இல் சார்லஸ் கீலிங் அளக்கத் தொடங்கியபோது, காற்றின் பத்து லட்சம் மூலக்கூறுகளில் சுமார் 315 கார்பன் டை ஆக்சைடாக இருந்தன. இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. கூடவே ஆக்சிஜன் குறைந்துவருவதை அவருடைய மகன் ரால்ஃப் கீலிங் அளந்து காட்டினார். மூச்சுக்குப் பஞ்சம் வரும் அளவுக்குக் குறைவு அல்ல. ஆனால் எரிமலையோ கடலோ வாயுவை வெளியிட்டிருந்தால் ஆக்சிஜன் இப்படிச் செலவாகியிருக்காது.

எல்லா எரிபொருளும் ஒன்றுபோல் அல்ல. மீத்தேனில் ஒரு கார்பனுக்கு நான்கு ஹைட்ரஜன், ஆக்டேனில் இரண்டுக்குச் சற்று மேல், நிலக்கரியில் பொதுவாக ஒன்றுக்கும் குறைவு. ஹைட்ரஜன் தரும் வெப்பத்துக்குத் தண்ணீர்தான் விலை என்பதால், அதே அளவு வெப்பத்துக்கு நிலக்கரி விடும் கார்பன் டை ஆக்சைடில் ஏறக்குறைய அறுபது சதவீதமே எரிவாயு விடுகிறது. ஆனால் எரியாமல் கசியும் மீத்தேன், 20 ஆண்டுக் கணக்கில் எடைக்கு எடை கார்பன் டை ஆக்சைடைப்போல் 80 மடங்கு வரை சூடேற்றும். கிணற்றிலும் குழாயிலும் சில சதவீதம் கசிந்தாலே அந்த ஆதாயம் போய்விடும். நல்லவேளையாக மீத்தேன் காற்றில் 12 ஆண்டுகள் அளவில் சிதைந்துவிடுகிறது. கசிவை அடைத்தால் ஓரிரு பத்தாண்டுகளிலேயே பலனைக் காற்றில் அளந்து பார்க்கலாம்.