பழைய ட்வின் லென்ஸ் கேமராவா? முதலில் ஒரு நொடி ஷட்டரைக் கேளுங்கள்

120 என்ற அகலமான ரோல் ஃபிலிமில் தொடங்க நினைப்பவர்களுக்கு இன்றும் எளிதாகச் சிக்குவது யாஷிகா மேட் 124ஜி. 1970இல் வந்து 1986 வரை தயாரான கேமரா. மேல் லென்ஸ் பார்க்க, கீழே உள்ள 80 மி.மீ., எஃப் 3.5 லென்ஸ் படமெடுக்க ('எஃப்' எண் லென்ஸ் திறப்பின் அளவு; எண் சிறிதானால் திறப்பு பெரிது). ஒரு ரோலில் 6×6 செ.மீ. அளவில் 12 படம்.

விற்பவர் பெரும்பாலும் லென்ஸைத்தான் காட்டுவார், 1/125 நொடி வேகத்தில் ஷட்டரை இரண்டு முறை அடித்தும் காட்டுவார். அந்த வேகம் பழுதான கேமராவிலும் ஒழுங்காக அடிக்கும். கோளாறு ஒளிந்திருப்பது 1 நொடி, 1/2, 1/4 வேகங்களில். இவற்றைத் தாமதப்படுத்த ஷட்டருக்குள் சிறு பல்சக்கரங்கள் ஓடுகின்றன. பல வருடம் சும்மா கிடந்தால் எண்ணெய் பசையாகி அவை இழுக்கும், அல்லது நடுவில் நின்றுவிடும். 1 நொடியில் வைத்து, காதருகே பிடித்து அடியுங்கள். 'ர்ர்ர்' என்ற ஓசை ஒரே சீராக ஓடி முடிய வேண்டும்.

இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் பின்கதவைத் திறந்து, ஜன்னல் வெளிச்சத்தை நோக்கிப் பிடித்து, செல்போனில் நொடிக்கு 240 ஃப்ரேம் ஸ்லோ மோஷனில் பதிவு செய்யுங்கள். 1/30இல் சுமார் 8 ஃப்ரேம், 1/60இல் 4 ஃப்ரேம் வெளிச்சம் தெரிய வேண்டும். அதற்கு மேலான வேகங்களுக்கு இந்த முறை உதவாது. மெதுவேகம் இழுத்தால் கேமராவை ஒதுக்க வேண்டியதில்லை. சர்வீஸ் செலவைக் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள்.

அடுத்து லென்ஸ். 'பி'யில் (பொத்தானை அழுத்தியிருக்கும் வரை ஷட்டர் திறந்திருக்கும் நிலை) ஷட்டரைத் திறந்து வைத்து, பின்பக்கமிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். தூசி பொருட்டல்ல. கிளை பிரிந்து ஓடும் மெல்லிய இழைகள் இருந்தால் அது பூஞ்சை. கடலோர ஈரப்பதத்தில் தோல் உறையோடு அலமாரியில் கிடந்த கேமராக்களில் இது சகஜம். ஆரம்ப நிலையில் துடைத்தால் போகும். கண்ணாடியின் பூச்சை அரித்திருந்தால் தழும்பு நிரந்தரம். வாங்கிய பிறகு அந்தத் தோல் உறையில் வைக்காதீர்கள். சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகாத டப்பா போதும். மேலே குனிந்து பார்க்கும் திரை மங்கலாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம், அதற்குக் கீழே பிம்பத்தைத் திருப்பும் முகக்கண்ணாடி மங்கியிருக்கும். படத்துக்கு அதனால் பாதிப்பில்லை. அதைத் துணியால் தேய்த்தால்தான் கெடும், வெள்ளிப் பூச்சு மேற்பரப்பிலேயே இருக்கிறது.

பலரும் விட்டுவிடும் சோதனை ஒன்று உண்டு. இரண்டு லென்ஸும் ஒரே இடத்தில் ஃபோகஸ் ஆகின்றனவா? முன்பு யாராவது கழற்றி மாட்டியிருந்தால் ஆகாது. ஃபிலிம் ஓடும் தண்டவாளங்களின் மேல் மங்கலான செலோடேப்பை விறைப்பாக ஒட்டி, 'பி', எஃப் 3.5 வைத்து, தூரத்துக் கம்பத்தை மேல்திரையில் ஃபோகஸ் செய்யுங்கள். டேப்பில் விழும் பிம்பமும் அப்போது கூர்மையாக இருக்க வேண்டும். 1 மீட்டரிலும் ஒருமுறை பாருங்கள்.

கேமராவில் உள்ள ஒளி அளக்கும் மீட்டரை நம்ப வேண்டாம். அது 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காகச் செய்தது, அந்த பேட்டரி இப்போது கிடைப்பதில்லை. 1.5 வோல்ட் ஆல்கலைன் போட்டால் முள் கூடுதலாக நகரும், படம் இருண்டுவிடும். செல்போன் மீட்டர் ஆப் போதும். பேட்டரி அறையில் பச்சையோ வெள்ளையோ உப்புப் படிந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

ஃபிலிம் போடும்போது முதலில் பின்கதவின் அழுத்தத் தகடு 120இல் இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். முன்பு வைத்திருந்தவர் அதை 220இல், அதாவது இருமடங்கு நீள ஃபிலிமுக்கான நிலையில், விட்டிருக்கலாம். அப்படியே போட்டால் 12 படத்தில் நிற்காது. காலி ஸ்பூல் மேலே, புது ரோல் கீழே. நிழலில் நின்று, கீழ் ரோலை விரலால் லேசாக அழுத்தியபடி சுற்றுங்கள். தளர்வாகச் சுற்றிய ரோலில் ஓரம் வழியே வெளிச்சம் புகும். ஃபிலிமோடு சுற்றியுள்ள காகிதத்தின் அம்புக்குறி கேமராவின் இருபுறக் குறிகளோடு சேர்ந்ததும் கதவை மூடி, கைப்பிடி தானாக நிற்கும் வரை சுற்ற வேண்டும். பாதியில் இறுகினால் வலுக்கட்டாயம் செய்யக் கூடாது, பல்சக்கரம் உடையும். 1/500 வேண்டுமானால் சுற்றுவதற்கு முன்பே வையுங்கள். செல்ஃப் டைமரைத் தொடாதீர்கள்; பழைய ஷட்டரில் அது பாதியில் சிக்கினால் கேமராவே நின்றுவிடும். எலக்ட்ரானிக் ஃபிளாஷுக்கு நெம்புகோல் 'எக்ஸ்'இல் இருக்கட்டும். 'எம்'இல் விட்டால் ஷட்டர் திறப்பதற்குள் ஃபிளாஷ் அடித்து முடித்துவிடும்.

முதல் ரோலைச் சோதனைக்கென்றே ஒதுக்குங்கள், ஐஎஸ்ஓ 100 (ஃபிலிமின் ஒளி உணர்திறன்) கறுப்பு வெள்ளை போதும். நல்ல வெயிலில் ஒரே சுவரை மூன்று விதமாக எடுங்கள்: எஃப் 16இல் 1/125, எஃப் 11இல் 1/250, எஃப் 8இல் 1/500. மூன்று நெகட்டிவும் ஒரே அடர்த்தியில் வர வேண்டும். 1/500 மட்டும் அதிகம் கறுத்திருந்தால் ஷட்டர் அந்த வேகத்தை எட்டவில்லை. பழைய கேமராக்களில் இது சாதாரணம், அந்த ஒரு வேகத்தை விட்டுவிட்டு ஓட்டலாம். மூன்றும் மூன்று விதமாக இருந்தால் கேமராவோடு அந்த நெகட்டிவையும் மெக்கானிக்கிடம் கொடுங்கள். எந்த வேகத்தில் கோளாறு என்று அவர் தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.