பெயர் சொல்லாத கண்ணாடிக் கிண்ணம்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு வாங்குகிறவர்கள் கொக்கி ஓரத்தைத் திருப்பிப் பார்ப்பார்கள். பட்டறையின் எழுத்து அங்கே குத்தியிருக்கும். பழைய கண்ணாடிப் பாத்திரத்தை அப்படித் திருப்பிப் பார்த்தால் பெரும்பாலும் வெறும் வழவழப்புதான். எனக்குக் கிடைத்த கிண்ணமும் அந்த வகை. ஒரு சாண் அகலம், எலுமிச்சை மஞ்சள் நிறம், விளிம்பில் மட்டும் பால் கலந்தாற்போல ஒரு வெண்மை. “பெல்ஜியமுங்க. ஏற்காட்டுத் துரை பங்களாவிலிருந்து வந்தது” என்றார் பழைய சாமான் கடைக்காரர்.

பங்களாக் கதையை நம்பலாம். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன், ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். அதன்பின் வந்த தோட்டக்காரர்கள் சீமைச் சாமான்களையும் மேலே ஏற்றினார்கள். பெல்ஜியம் என்பதுதான் இடித்தது. நம் ஊரில் பார்க்க அழகாக இருக்கும் பழைய கண்ணாடி எதுவானாலும் அதற்குப் பெல்ஜியம் என்றுதான் பெயர்.

முதல் சோதனைக்கு விரல் போதும். குழலில் ஊதிச் செய்யும் பாத்திரத்தை, வாய்ப்பகுதியைச் சீராக்குவதற்காக அடியில் ஒரு இரும்புக் கம்பியில் ஒட்டிப் பிடிப்பார்கள். கம்பியை உடைத்து எடுத்த இடத்தில் தழும்பு விழும், அல்லது அதைத் தேய்த்து மெருகேற்றிய வட்டக் குழி இருக்கும். என் கிண்ணத்தில் இரண்டும் இல்லை. வெளிப்பக்கம் நகத்தை ஓட்டினால் மேலிருந்து கீழாக மெல்லிய கோடுகள் தட்டுப்பட்டன. அவை இரும்பு அச்சின் பாகங்கள் ஒன்றோடொன்று சேரும் இடங்கள். வெளியே பூவேலை, உள்ளே மழமழப்பு. அச்சுக்குள் ஊதியிருந்தால் வெளிமேடு உள்ளே பள்ளமாகத் தெரிந்திருக்கும். ஆக, இது உருகிய கண்ணாடியை அச்சில் ஊற்றி உலக்கை போன்ற ஒன்றால் அழுத்திச் செய்தது. அமெரிக்காவில் 1820களில் வளர்ந்த முறை இது. அதற்கு முந்தைய காலம் முழுவதையும் இந்த ஒரு கோடு கழித்துவிட்டது.

அடுத்தது எடை. எனக்கு மிகவும் பிடித்த சோதனை இதுதான். இங்கிலாந்தில் ஜார்ஜ் ரேவன்ஸ்கிராஃப்ட் 1674இல் தன் கண்ணாடிக்குக் காப்புரிமை பெற்றார். அவர் வழியாகப் பரவியதுதான் ஈயம் சேர்த்த கிரிஸ்டல். ஈயத்தின் அணு கனமானது என்பதால் அந்தக் கண்ணாடியின் அடர்த்தி, தண்ணீரை 1 என்று வைத்தால், 3ஐ ஒட்டியோ தாண்டியோ போகும். மணல், சோடா, சுண்ணாம்பு சேர்த்த சாதாரணக் கண்ணாடி 2.5தான். இதை அளக்க ஆய்வகம் வேண்டாம். கிண்ணத்தை நிறுத்தேன்: 412 கிராம். அப்புறம் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, சமையலறை எடை மெஷின் மேல் வைத்து, அளவைப் பூஜ்யமாக்கினேன். கிண்ணத்தை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் தண்ணீருக்குள் முழுக்கினேன். மெஷின் 162 காட்டியது. தண்ணீர் கிண்ணத்தை மேலே தள்ளும் விசைதான் அப்படி மெஷின் மேல் இறங்குகிறது. கிண்ணம் ஒதுக்கிய தண்ணீரின் எடை 162 கிராம் என்றால் அதன் கன அளவு 162 மில்லி. 412ஐ 162ஆல் வகுத்தால் 2.54. ஈயக் கிரிஸ்டலாக இருக்குமோ என்ற சந்தேகம் அதோடு முடிந்தது.

சிலர் தட்டிப் பார்த்து ஓசையை வைத்துச் சொல்வார்கள். ஈயக் கண்ணாடி நீளமாக ரீங்கரிக்கும், உண்மைதான். ஆனால் தடித்த கிண்ணம் எதுவானாலும் சத்தம் மந்தமாகவே வரும். விளிம்பு உடைந்தால் போனது போனதுதான். தயவுசெய்து தட்டாதீர்கள்.

இரவில் விளக்கை அணைத்துவிட்டு, கள்ள நோட்டு பார்க்கும் புற ஊதா டார்ச்சை அடித்தேன். கிண்ணம் முழுக்கப் பச்சையாக எரிந்தது. யுரேனியம்! கண்ணுக்குத் தெரியாத அந்த ஒளியை யுரேனியச் சேர்மம் விழுங்கி, கொஞ்சம் ஆற்றலை இழந்து, மிச்சத்தைப் பச்சை ஒளியாக வெளியே விடுகிறது. மாங்கனீசு சேர்த்த கண்ணாடியும் லேசாகப் பச்சை காட்டும், ஆனால் இந்தப் பிரகாசம் அதற்கு வராது. அலமாரியில் வைத்துப் பார்க்கப் பயப்பட வேண்டாம், கதிர்வீச்சு மிகக் குறைவு. எலுமிச்சை ஊறுகாய் மட்டும் போட்டு வைக்காதீர்கள், புளிப்பு உலோகங்களைக் கரைக்கும்.

யுரேனியத்தை மட்டும் வைத்து ஊரைச் சொல்ல முடியாது. 1830களிலிருந்து, இன்றைய செக் நாட்டில் உள்ள பொஹீமியாவில் செய்தார்கள், பிறகு பல நாடுகளில் செய்தார்கள். என் கிண்ணத்தில் வழி காட்டியது அந்தப் பால் விளிம்புதான். சில கலவைகளில் செய்த பாத்திரம் சற்று ஆறியதும், விளிம்பை மறுபடி உலைவாயில் காட்டினால் அங்கே மட்டும் கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்கள் பிரியும். அவை நீல ஒளியை அதிகம் சிதறடிக்கும். அதனால் கறுப்புத் துணிமேல் வைத்தால் விளிம்பு நீலம் பாய்ந்து தெரிகிறது, ஜன்னலுக்கு நேரே தூக்கினால் செம்மஞ்சளாகத் தெரிகிறது. தண்ணீரில் நாலு சொட்டுப் பால் விட்டு டார்ச் அடித்தாலும் இதைப் பார்க்கலாம்.

இந்த உத்தியை அச்சில் அழுத்திச் செய்யும் கண்ணாடியில் பெரிய அளவில் செய்தது வட இங்கிலாந்தின் கேட்ஸ்ஹெட்டில் இருந்த டேவிட்சன் தொழிற்சாலை. 1889இல் காப்புரிமை வாங்கி ‘பெர்லைன்’ என்று விற்றார்கள். நீலத்தில் ஒன்று, யுரேனியம் சேர்த்த மஞ்சளில் ‘பிரிம்ரோஸ்’ என்று ஒன்று. அமெரிக்காவிலும் மஞ்சளும் பால் விளிம்புமாகச் செய்திருக்கிறார்கள். அதனால் நிறத்தோடு நிற்க முடியாது.

மிச்சம் இருப்பது பூவேலை. இரும்பு அச்சு வெட்டுவது செலவு பிடிக்கும் வேலை, ஒரே அச்சில் ஏராளமான பாத்திரங்கள் அடிப்பார்கள். அதனால் முத்திரை இல்லாத கிண்ணத்துக்கு முத்திரை உள்ள உடன்பிறப்பு எங்காவது இருக்க வாய்ப்புண்டு. ஒரே பூவேலை வரிசையில் தட்டில் பதிவு எண் இருக்கும், சர்க்கரைக் கிண்ணத்தில் இருக்காது. பிரிட்டனில் 1884 முதல் வடிவங்களை வரிசை எண் கொடுத்துப் பதிந்தார்கள். அந்தப் பதிவேடுகள் லண்டனின் கியூ (Kew) பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. எண் உள்ள தட்டுகளின் படங்களோடு என் கிண்ணத்தை வைத்து, விளிம்பின் வளைவுகளை எண்ணினேன், வைரக் கட்டங்களின் வரிசையை எண்ணினேன், அடியில் உள்ள நட்சத்திரத்தின் கதிர்களை எண்ணினேன். ஏறக்குறைய ஒன்று போல இருப்பது பொருந்தியதாக ஆகாது. போட்டிக்காரர்கள் பார்த்துச் செய்வார்கள், அச்சுகள் கைமாறி வேறு தொழிற்சாலைக்குப் போவதும் உண்டு. என் கிண்ணத்தில் மூன்று எண்ணிக்கையும் ஒரு டேவிட்சன் தட்டோடு ஒத்துப்போயின.

அடுத்த வாரம் கடைக்காரரிடம் போய்ச் சொன்னேன். அவரிடம் அதே மஞ்சளில் இன்னொரு சிறு தட்டு இருந்தது. “அப்ப இதுக்கும் அதே பேரைப் போட்டுரலாமுங்களா?” என்று கேட்டார். டார்ச் அடித்தோம், பச்சை வந்தது. நட்சத்திரத்தின் கதிர்களை எண்ணினோம், ஒத்து வரவில்லை. ‘யுரேனியக் கண்ணாடி, அச்சு வேலை’ என்று மட்டும் சீட்டில் எழுதி ஒட்டினார்.