பெயிண்டரைத் திட்டுவதற்கு முன் ட்யூப்லைட்டைப் பாருங்கள்

“ஷேட் கார்டுல பார்த்த கலர் இது இல்லைங்க. பெயிண்டர் தண்ணி ஊத்திட்டாரு.” கிருகப்பிரவேசத்துக்கு நாலு நாள் இருக்கும்போது இப்படி ஒரு ஃபோன் வாரம் தவறாமல் வருகிறது. தனித்தனி அறைகளாக இருந்த பழைய வீடுகளில் இந்தப் புகார் இவ்வளவு இல்லை. ஹால், டைனிங், திறந்த சமையலறை மூன்றும் ஒரே நீளமாக இருக்கும் இன்றைய ஃபிளாட்டுகளில்தான் அதிகம். அங்கே எந்தத் தப்பையும் கதவைச் சாத்தி மறைக்க முடியாது.

முதலில் அந்தத் தண்ணீர் விஷயத்தை முடித்துவிடுவோம், இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. எமல்ஷன் என்னும் சுவர் பெயிண்டில் தண்ணீர் கலக்கத்தான் வேண்டும். எவ்வளவு என்று டப்பாவிலேயே போட்டிருக்கும். அதற்கு மேல் ஊற்றினால் படலம் மெலிந்துபோகும். கீழே சுவரைச் சமப்படுத்தப் பூசிய பட்டியின் வெள்ளை எட்டிப் பார்க்கும், ரோலர் தடம் விழும், திட்டுத்திட்டாகத் தெரியும், ஈரத்துணியால் துடைத்தால் துணியோடு வரும். இவ்வளவும் நடக்கும். ஆனால் கிரீம் கலர் ரோஸாக மாறாது, சாம்பல் ஊதாவாக மாறாது. சாயல் மாறியிருந்தால் தண்ணீரைக் குறை சொல்லாதீர்கள். டப்பாவின் மூடியில் ஒட்டியிருக்கும் கோடு எண்ணை, அதாவது ஷேடின் அடையாள எண்ணை, கார்டோடு ஒப்பிடுங்கள். எண் சரியாக இருந்தால் பெயிண்டும் பெரும்பாலும் சரிதான். மாறியது வெளிச்சம்.

நம் வீடுகளில் மாட்டும் எல்இடி ட்யூப்லைட் பெரும்பாலும் 6500 கெல்வின், நீலம் ஏறிய வெள்ளை. ஃபால்ஸ் சீலிங் விளிம்பில் ஓடும் ஸ்ட்ரிப் லைட் பெரும்பாலும் 3000 கெல்வின், மஞ்சள் வெள்ளை. ஒரே சாம்பல் சுவர் முதல் விளக்கின் கீழ் நீலமாகவோ வெளிறிய ஊதாவாகவோ தெரியும், இரண்டாவதின் கீழ் பழுப்பாகத் தெரியும். ஹாலில் மஞ்சள் விளக்கும் சமையல் மேடைக்கு மேலே வெள்ளை விளக்கும் மாட்டிவிட்டு, இரண்டுக்கும் நடுவில் நீளமாக ஓடும் சுவர் ஒரே கலரில் தெரியவில்லை என்றால் பெயிண்டர் என்ன செய்வார்? முழு இடத்துக்கும் ஒரே கெல்வினில் விளக்கு வாங்குங்கள். 4000 கெல்வின் நடுவாந்திரம், பெரும்பாலான வீடுகளுக்குப் பொருந்தும். விளக்குப் பெட்டியில் சிஆர்ஐ என்று ஓர் எண் இருக்கும், நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதன் கணக்கு அது. 80 சாதாரணம், 90 கிடைத்தால் நல்லது. விளக்கு வாங்கி மாட்டிய பிறகுதான் கலர் பார்க்க வேண்டும். நடைமுறையில் எல்லாரும் தலைகீழாகத்தான் செய்கிறார்கள்.

ஃபோனில் பார்த்துக் கலர் முடிவு செய்பவர்களுக்கு ஒன்றே ஒன்று. ஒரே படத்தை வீட்டிலுள்ள மூன்று ஃபோன்களில் திறந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். போதும்.

பகல் வெளிச்சத்துக்கும் ஒரு தவறான பாடம் சுற்றிக்கொண்டிருக்கிறது. “வடக்கு ஜன்னலில் நேர் வெயில் வராது, குளிர்ந்த ஒளி, அதனால் சூடான கலர் அடியுங்கள்” என்பார்கள். ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் அது சரி. சென்னை இருப்பது 13 டிகிரி வடக்கில். ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடு வரை உச்சி வெயிலே நமக்கு வடக்குப் பக்கம் சாய்ந்து நிற்கிறது. அந்த மாதங்களில் வடக்கு பால்கனியிலும் வெயில் விழும். நம் ஊரில் கலரை உண்மையாகவே புரட்டிப்போடுவது மேற்கு ஜன்னல். சாயங்காலம் நாலரைக்கு மேல் வரும் ஆரஞ்சு வெயில், பீச் கலரை எரியும் செங்கல் போலக் காட்டும். மேற்கே திறக்கும் ஹாலுக்குச் சிவப்பு, ஆரஞ்சு கலந்த சாயல் வேண்டவே வேண்டாம்.

அடுத்தது தரை. இரண்டுக்கு இரண்டு விட்ரிஃபைட் டைல், பளபளப்பு, ஐவரி நிறம். முக்கால்வாசி ஃபிளாட்டுகளில் இதுதான். உள்ளே வரும் வெளிச்சம் முதலில் இதன்மேல் விழுந்து மஞ்சள் ஏறித்தான் சுவருக்குப் போகிறது. அதன்மேல் ரோஸ் சாயல் கொண்ட பீஜ் அடித்தால் சுவர் அழுக்காகத் தெரியும், துடைத்தாலும் போகாது. கார்டில் எந்தச் சாயல் ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு வெள்ளை ஏ4 தாள் போதும். தாளின் மேல் கார்டை வைத்தால் பீஜில் உள்ள ரோஸ், சாம்பலில் உள்ள பச்சை, வெள்ளையில் உள்ள மஞ்சள் தானாக வெளியே வரும். பிறகு அதே கார்டை டைல் மேல் வையுங்கள்.

பக்கத்தில் இருப்பதுதான் நிறத்தைத் தீர்மானிக்கிறது என்பது புதுக் கண்டுபிடிப்பு இல்லை. பாரிஸின் கோபலின் நெசவாலையில் 1824-இல் சாயப் பிரிவுக்குப் பொறுப்பேற்ற வேதியியலாளர் மிஷெல் யூஜின் செவ்ரோலுக்கும் இதே புகார்தான் வந்தது: கறுப்பு நூல் கறுப்பாக இல்லை, சாயம் சரியில்லை. அவர் சோதித்துப் பார்த்தார். சாயத்தில் குறை இல்லை. பக்கத்தில் நெய்த நீலமும் ஊதாவும்தான் கறுப்பை மங்கலாக்கின. இருநூறு வருஷமாகச் சாயக்காரர்தான் திட்டு வாங்குகிறார்!

கார்டில் இரண்டு அங்குலத் துண்டாகப் பார்த்த கலர் சுவர் முழுக்க வந்ததும் அடர்ந்து தெரிவதற்கும் காரணம் உண்டு. 11 அடி அகல ஹாலில் இரண்டு பக்கச் சுவரும் ஒரே கலர் என்றால் வெளிச்சம் இங்கும் அங்கும் மோதி, ஒவ்வொரு மோதலிலும் நிறம் ஏறிக்கொண்டே போகும். ஆகவே உங்களுக்குப் பிடித்த ஷேடிலிருந்து ஒரு படி வெளிறியதை, கொஞ்சம் சாம்பல் கலந்ததை எடுங்கள். பச்சை, மஞ்சள் இரண்டுக்கும் இது கட்டாயம்.

நீளம் இன்னொரு சங்கடம். ஒரு முனையில் மட்டும் பால்கனி இருந்தால், பயன்படும் அளவு வெளிச்சம் கதவு உயரத்தைப் போல இரண்டு அல்லது இரண்டரை மடங்கு தூரம்தான் உள்ளே வரும். 7 அடிக் கதவுக்கு 14 முதல் 17 அடி. 22 அடி ஹாலில் டைனிங் மேஜை இருப்பது அதற்கு அப்பால். ‘வெள்ளை அடித்தால் வெளிச்சமாகிவிடும்’ என்று அங்கே சுத்த வெள்ளை அடிக்கிறார்கள். வெளிச்சமே வராத இடத்தில் வெள்ளைச் சுவர் எதைத் திருப்பித் தரும்? பகலிலேயே சாம்பல் பூத்தாற்போல் நிற்கும். ஷேட் கார்டிலோ கம்பெனியின் இணையதளத்திலோ எல்ஆர்வி என்று ஓர் எண் பாருங்கள். விழும் வெளிச்சத்தில் எவ்வளவு சதவீதம் திரும்பும் என்பதன் கணக்கு அது. முதன்மைக் கலருக்கு 60-லிருந்து 75 வரை நன்றாக இருக்கும், கொஞ்சம் மஞ்சள் வாடையுள்ள வெள்ளையாக இருந்தால் இருண்ட கோடியிலும் உயிரோடு தெரியும்.

இனி, ‘ஹாலுக்கு ஒரு கலர், டைனிங்குக்கு ஒரு கலர், கிச்சனுக்கு ஒரு கலர்’ என்ற பட்டியலோடு வருபவர்களுக்கு. வாசற்கதவைத் திறந்து நில்லுங்கள். அங்கிருந்து கண்ணில் படும் சுவர், பீம், தூண், சமையலறை ஷட்டர், திரைச்சீலை, சோபா எல்லாவற்றையும் எண்ணுங்கள். பெயிண்ட் அடிக்கும் முன்பே ஐந்தாறு கலர் அங்கே இருக்கும். அதன்மேல் இன்னும் மூன்றைச் சேர்த்தால் மளிகைக் கடை அலமாரி மாதிரி ஆகிவிடும். மொத்த இடத்துக்கும் ஒரு முதன்மைக் கலர், தேவைப்பட்டால் ஷேட் கார்டில் அதே கீற்றில் அடர்த்தி கூடிய இன்னொன்று. அடுத்த படியை எடுக்காதீர்கள், இரண்டு படியாவது தள்ளி எடுங்கள். ஒரு படி வித்தியாசம் பழைய பெயிண்ட் மிச்சத்தை அடித்தாற்போல்தான் தெரியும்.

அடர் கலர் எந்தச் சுவருக்கு? பால்கனிக் கதவு இருக்கும் சுவருக்கு வேண்டாம். பகலில் பின்னாலிருந்து ஒளி வருவதால் அந்தச் சுவர் கறுப்பாகத் தெரியும், கண்ணும் கூசும். அதற்கு நேர் எதிரே, வெளிச்சம் முகத்தில் விழும் கோடிச் சுவருக்கு அடியுங்கள். வாஸ்துப்படி தென்கிழக்கில் ஆரஞ்சு வேண்டும் என்று வீட்டுப் பெரியவர் சொன்னால் சண்டை வேண்டாம். அலமாரி மாடத்தின் உட்புறத்துக்கு அடித்துவிடுங்கள், இருவர் மனமும் நிறையும்.

இரண்டு கலர் சந்திக்கும் இடம் எப்போதும் உள்மூலையாக இருக்கட்டும். வெளிமூலையில் நிறுத்தினால் விளிம்பு உரசி உதிரும், பக்கவாட்டில் பார்க்கும்போது கோடு வளைந்தும் தெரியும். மூலையே இல்லாமல் ஹாலிலிருந்து டைனிங்குக்கு ஒரே சுவர் ஓடினால் நடுவில் வெட்டாதீர்கள். குறுக்கே வரும் பீமை மூன்று பக்கமும் சீலிங் கலரிலேயே விட்டுவிடுங்கள், அதுவே பிரித்துக் காட்டும். கலர் எல்லை நேராக வர ஒட்டும் மாஸ்கிங் டேப்பைப் பெயிண்ட் முழுக்கக் காய்வதற்கு முன்பே உரித்துவிட வேண்டும், மறுநாள் உரித்தால் படலத்தோடு பிய்ந்து வரும்.

எதை முதலில் தேர்ந்தெடுப்பது என்று கேட்டால், தரை டைல், பிறகு சமையலறை லேமினேட், பிறகு திரைச்சீலை, கடைசியில்தான் பெயிண்ட். லேமினேட் கடையில் இருக்கும் சில நூறு டிசைனுக்குள் அடங்கியாக வேண்டும். பெயிண்டோ மெஷினில் ஆயிரக்கணக்கான ஷேட் கலந்து தருகிறார்கள். பெயிண்டை முதலில் அடித்துவிட்டு அதற்கேற்ற லேமினேட் தேடி அலைவதை தயவுசெய்து நிறுத்துங்கள்.

சாம்பிள் பார்க்காமல் 20 லிட்டர் வாங்காதீர்கள். சுவரில் நேராகப் பட்டை பட்டையாக அடித்துப் பார்ப்பதும் சரியில்லை, பழைய கலர் பக்கத்தில் இருந்து கண்ணைக் கெடுக்கும். பின்னால் அதன்மேல் அடிக்கும் கோட்டிலும் மேடு தெரியும். இரண்டடிக்கு இரண்டடி பிளைவுட் அல்லது தடித்த அட்டை, அதில் பிரைமர், இரண்டு கோட் எமல்ஷன், ஓரத்தில் இரண்டு அங்குலம் வெள்ளை விட்டுவிடுங்கள். ஈரத்தில் பார்த்து முடிவு செய்யாதீர்கள், காய்ந்தால் ஒரு சாயல் அடர்த்தியாகும். பலகையைச் சுவரோடு நிமிர்த்தி, டைலைத் தொட்டபடி, டிவி சுவர், டைனிங், சமையல் மேடை என்று மூன்று இடத்தில் வைத்து, காலை எட்டு, மதியம் ஒன்று, சாயங்காலம் ஐந்து, ராத்திரி எட்டு மணிக்கு விளக்கோடு பாருங்கள். இரண்டு நாள் வேலை. முழுச் சுவரையும் மறுபடி அடிப்பதைவிடக் குறைவுதான்.

திறந்த சமையலறையில் தாளிப்புப் புகையும் மஞ்சள்தூளும் ஹால் சுவர் வரை வரும், சிம்னி எல்லாவற்றையும் இழுத்துவிடாது. அந்தப் பக்கம் துடைக்கக்கூடிய சாட்டின் அல்லது மென்பளபளப்பு, மற்ற இடத்தில் பளபளப்பில்லாத மேட் என்று பலர் பிரிக்கிறார்கள். பிரிக்கலாம், ஆனால் அதே கோடு எண் என்றாலும் பளபளப்பு கூடினால் நிறம் ஆழமாகத் தெரியும். அதற்கும் உள்மூலைதான் எல்லை. பளபளப்பான பெயிண்டுக்குப் பட்டி வேலை சுத்தமாக இருக்க வேண்டும். பால்கனியிலிருந்து சரிந்து வரும் வெளிச்சம் ஒரு மேடு பள்ளத்தையும் விடாது. இரண்டு கோட் பட்டி பார்த்து உப்புத்தாள் போட்டதும், பெயிண்டர் கிளம்புவதற்குள் ராத்திரியில் ஒரு டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துப் பாருங்கள். அலை தெரிந்தால் பிரைமருக்கு முன்பே சரி செய்துவிடலாம்.

அழுத்தமான மஞ்சளும் சிவப்பும் அடியை மூடும் சக்தி குறைந்தவை, மூன்று கோட் கேட்கும், விலை பேசும்போதே சொல்லிவிடுங்கள். புது சிமெண்ட் பூச்சு 28 நாளாவது ஆறட்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கோட்டுக்குக் கோட்டு நாலு மணி நேரம் என்ற கணக்கு செல்லாது. கிருகப்பிரவேசத் தேதி நெருங்குகிறது என்று ஈரச் சுவரில் அடித்தால் உப்பு பூத்து உரிந்து வரும். அதற்கு எந்த ஷேடும் பொறுப்பில்லை.

500 சதுர அடி சுவருக்கு இரண்டு கோட் அடிக்க நாலிலிருந்து ஐந்து லிட்டர் ஆகும். மொத்தமும் ஒரே நாளில், ஒரே கடையில் கலந்து வாங்குங்கள். இரண்டு டப்பாவென்றால் ஒரு பெரிய வாளியில் ஒன்றாக ஊற்றிக் கலக்கிவிட்டு அடிக்கச் சொல்லுங்கள். வேறு கம்பெனியில் ‘அதே கலர்’ கலந்து தருகிறேன் என்பார்கள், அது கிட்டத்தட்ட அதே கலர். இடத்திலேயே ஸ்டெயினரை (கலர் கூட்டும் சாயத்தை) ஊற்றி ‘கொஞ்சம் டார்க் பண்ணிடலாம்’ என்றால் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அந்தக் கலர் உலகத்தில் வேறெங்கும் இனிக் கிடைக்காது.

அரை லிட்டர் மிச்சம் வையுங்கள். கம்பெனி, கோடு எண், பேஸ் (சாயம் கலக்கும் அடிப்படை பெயிண்ட்), மேட்டா சாட்டினா, வாங்கிய தேதி எல்லாவற்றையும் மார்க்கரால் லாஃப்ட் கதவின் உட்புறத்தில் எழுதிவிடுங்கள். டப்பா மூடியில் எழுதினால் அது ஒரு வருஷத்தில் பழைய இரும்புக் கடைக்குப் போய்விடும்.