பேஸ்ட் செய்யும்போது வருவது எது?

வரைகலை மென்பொருள் ஒன்றில் பறவை ஒன்றை வரைந்து முடித்திருக்கிறீர்கள். அதைத் தேர்ந்தெடுத்து, காப்பி செய்து, வேறொரு மென்பொருளில் கொண்டுபோய் பேஸ்ட் செய்கிறீர்கள். பறவை வந்துவிட்டது, ஆனால் அதைச் சுற்றிக் கன்னங்கரேலென்று ஒரு கட்டம். இன்னொரு நாள் கட்டம் இல்லை. பெரிதாக்கிப் பார்த்தால் சிறகின் ஓரமெல்லாம் படிக்கட்டு படிக்கட்டாக உடைந்திருக்கிறது. மற்றொரு நாள், முதல் மென்பொருளை மூடிவிட்டுப் பேஸ்ட் செய்கிறீர்கள், எதுவுமே வரவில்லை.

வரையப் பழகும் பலர் இந்த இடத்தில் தாங்கள்தான் ஏதோ தவறு செய்துவிட்டதாக நினைக்கிறார்கள். நானும் வெகுநாள் அப்படித்தான் நினைத்தேன். கட், காப்பி, பேஸ்ட் மூன்றும் பார்க்க அவ்வளவு எளிமையாக இருப்பதால், அவற்றில் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை என்று விட்டுவிடுகிறோம். உள்ளே நடப்பதை ஒருமுறை பார்த்துவிட்டால் மேலே சொன்ன மூன்றுக்குமே காரணம் பிடிபட்டுவிடும்.

இந்தச் சொற்கள் அச்சுத் தொழிலிலிருந்து வந்தவை. அந்தக் காலத்தில் பக்கம் அமைப்பவர்கள் அச்சிட்ட துண்டுகளைக் கத்தரியால் வெட்டி, பசை தடவி வேறிடத்தில் ஒட்டினார்கள். 1970களின் நடுவில், ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் லாரி டெஸ்லரும் டிம் மாட்டும் ஜிப்ஸி என்ற எழுத்துத் தொகுப்பு மென்பொருளை உருவாக்கியபோது, அதே வேலையைக் கணினிக் கட்டளைகளாக மாற்றினார்கள். பின்னர் டெஸ்லர் ஆப்பிளுக்குப் போனார். 1983இல் வந்த லிசா, 1984இல் வந்த மெக்கின்டாஷ் ஆகிய கணினிகள் வழியாக இந்தக் கட்டளைகள் பொதுமக்களிடம் பரவின. கடைசியாகச் செய்ததை இல்லாமலாக்கும் அன்டூவுக்கு இசட், கட்டுக்கு எக்ஸ், காப்பிக்கு சி, பேஸ்ட்டுக்கு வி. நான்கு விசைகளும் விசைப்பலகையின் இடது கீழ் மூலையில் ஒட்டி ஒட்டி இருக்கின்றன. வரைபவருக்கு இது பெரிய வசதி: வலக்கை மவுஸையோ பேனாவையோ விடவே வேண்டாம், இடக்கை மட்டும் அந்த மூலையில் இருந்தால் போதும்.

சரி, படத்தில் காப்பி என்றால் எதை எடுப்பது? எழுத்தில் இந்தக் கேள்வியே எழாது. ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்தால் அந்தச் சொல்தான். படத்தில் அப்படியில்லை. ஃபோட்டோஷாப், ஜிம்ப் போன்ற பிக்சல் மென்பொருள்களில் "பறவை" என்ற ஒன்று கணினிக்குத் தெரியவே தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் வரிசை வரிசையாக நிற்கும் வண்ணப் புள்ளிகள். பறவையின் ஓரத்தைச் சுற்றி நீங்கள் கோடு இழுத்துத் தேர்ந்தெடுக்கும்போது, படத்தின் அளவுக்கே இன்னொரு கண்ணுக்குத் தெரியாத படம் உருவாகிறது. அதில் ஒவ்வொரு புள்ளிக்கும் பொதுவாக 0 முதல் 255 வரை ஓர் எண். 255 என்றால் முழுவதும் தேர்வுக்குள், 0 என்றால் முற்றிலும் வெளியே, 128 என்றால் ஏறக்குறையப் பாதி. திரையில் எறும்பு ஊர்வதுபோல் நகரும் விட்டுவிட்ட கோடு, அந்த எண்கள் ஏறத்தாழப் பாதியைத் தாண்டும் இடத்தைத்தான் காட்டுகிறது. எல்லை கூர்மையாகத் தெரிந்தாலும் உண்மையில் தேர்வு மெல்ல மெல்ல மங்கிக்கொண்டிருக்கலாம்.

இங்க்ஸ்கேப், இல்லஸ்ட்ரேட்டர் போன்ற வெக்டர் மென்பொருள்களில் நிலைமை வேறு. அங்கே பறவை என்பது ஒரு குறிப்பு: இந்தப் புள்ளியில் தொடங்கு, இப்படி வளை, இங்கே முடி, உள்ளே இந்த நிறம் பூசு. காப்பி செய்தால் அந்தக் குறிப்பு அப்படியே நகலாகிறது. சில நூறு பைட்டுகளே போதும்.

கட் என்ற கட்டளையும் இரண்டிலும் வேறு வேறாக நடக்கிறது. வெக்டரில் பறவையை வெட்டி எடுத்தால் அதன் பின்னால் வரைந்த கிளை முழுதாகத் தெரியும், ஏனென்றால் கிளை அங்கே முழுதாகவே இருந்தது. பிக்சல் படத்தில் இரண்டையும் ஒரே லேயரில், அதாவது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் கண்ணாடித் தாள் போன்ற அடுக்கில், வரைந்திருந்தால், பறவை இருந்த இடத்தில் ஓட்டைதான் மிஞ்சும். பறவையை வரைந்த நொடியிலேயே கிளையின் அந்தப் பகுதி அழிந்துவிட்டது. கட் அதை அழிக்கவில்லை, அழிந்ததை வெளியே காட்டுகிறது. லேயர்களைத் தனித்தனியாக வைத்துக்கொள்ளச் சொல்வது இதற்காகத்தான்.

இப்போது கிளிப்போர்டுக்கு வருவோம். காப்பி செய்த பொருள் போய் உட்காரும் ஒரு பெட்டி என்றுதான் நாம் அதைக் கற்பனை செய்கிறோம். அதற்குள் ஒரு படம் இருக்கும், பேஸ்ட் செய்தால் அந்தப் படம் வரும். உண்மையில் அங்கே ஒரே பொருள் பல வடிவங்களில் வைக்கப்படுகிறது. வெக்டர் மென்பொருள் ஒன்று பறவையைக் காப்பி செய்யும்போது, தன் சொந்த வடிவம் ஒன்று, வெக்டர் படங்களுக்கான எஸ்விஜி வடிவம் ஒன்று, பிக்சல் படங்களுக்கான பிஎன்ஜி வடிவம் ஒன்று என்று ஒரு பட்டியல் போட்டு வைக்கும். பேஸ்ட் செய்யும் மென்பொருள் அந்தப் பட்டியலைப் படித்து, தனக்குப் புரிகிறவற்றில் சிறந்ததாகக் கருதுவதை எடுத்துக்கொள்ளும். ஆக, வரப்போவது எது என்பதை முடிவு செய்வது கொடுப்பவர் மட்டுமல்ல, வாங்குபவரும்தான்.

படிக்கட்டுச் சிறகின் காரணம் இதுதான். வாங்கிய மென்பொருளுக்கு வெக்டர் வடிவம் புரியவில்லை. பிக்சல் வடிவத்தை எடுத்துக்கொண்டது. வளைகோட்டின் குறிப்பு அங்கேயே நின்றுவிட, அதன் நிழற்படம் மட்டும் வந்து சேர்ந்தது. இனி எவ்வளவு பெரிதாக்கினாலும் புள்ளிகள்தான் பெரிதாகும். இப்படி நேர்ந்தால் கிளிப்போர்டை விட்டுவிட்டு, எஸ்விஜி கோப்பாகச் சேமித்து அதை உள்ளே இறக்குமதி செய்து பாருங்கள். கோப்பாக வந்தால் ஏற்றுக்கொள்ளும் வடிவத்தைக் கிளிப்போர்டிலிருந்து எடுக்கத் தெரியாத மென்பொருள்கள் பல உண்டு.

கறுப்புக் கட்டத்துக்கும் இதே வேர்தான். ஒளிபுகும் பின்னணி கொண்ட படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் நான்கு எண்கள்: சிவப்பு, பச்சை, நீலம், அப்புறம் அந்தப் புள்ளி எவ்வளவு மறைக்கும் என்பதைச் சொல்லும் ஆல்ஃபா. ஒன்றுமே இல்லாத இடத்தில் பெரும்பாலும் நான்கும் 0. வாங்கும் மென்பொருள் நான்காவது எண்ணைப் படிக்காமல் விட்டால், மீதி மூன்றும் 0, 0, 0. அதாவது சுத்தமான கறுப்பு. யாரும் கறுப்பு பூசவில்லை; "இங்கே எதுவும் இல்லை" என்ற தகவல் வழியில் விழுந்துவிட்டது.

ஆல்ஃபா என்ற இந்த யோசனை எனக்கு மிகவும் பிடித்தது. 1970களின் பிற்பகுதியில் ஆல்வி ரே ஸ்மித்தும் எட் கேட்மலும் நியூயார்க் தொழில்நுட்ப நிறுவனத்தில் உருவாக்கியது அது. படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பதற்கான கணக்கை 1984இல் தாமஸ் போர்ட்டரும் டாம் டஃப்பும் ஒழுங்குபடுத்தி எழுதினார்கள். அதன் அருமை, பேஸ்ட் செய்த உருவத்தைச் சுற்றி வெளிர்நிறத்தில் ஒரு மெல்லிய வளையம் தெரியும்போதுதான் புரியும்.

வெள்ளைத் தாளில் ஒரு கறுப்புப் பறவை. அதன் ஓரம் வழவழப்பாகத் தெரிவதற்காக, பறவை பாதி மட்டுமே மூடிய புள்ளிகளுக்கு மென்பொருள் சாம்பல் நிறம் கொடுத்திருக்கும். வெள்ளைப் பின்னணியில் அது மிகச் சரி. இப்போது பறவையை வெட்டி அடர்நீல வானத்தில் ஒட்டுகிறீர்கள். அந்தச் சாம்பலுக்குள் பாதி வெள்ளை கலந்திருக்கிறதே, அதுவும் கூடவே வந்துவிட்டது. வானத்தைவிட வெளுப்பாக அது ஓரமெங்கும் பளிச்சிடுகிறது. அதே ஓரப் புள்ளியை "நிறம் கறுப்பு, மறைப்பு பாதி" என்று ஆல்ஃபாவோடு சேமித்திருந்தால், எந்தப் பின்னணியில் வைத்தாலும் அந்தப் பின்னணியோடு கலந்திருக்கும். அதனால் வேறிடத்துக்குக் கொண்டுபோகும் எண்ணமிருந்தால், உருவத்தை ஆரம்பத்திலேயே ஒளிபுகும் தனி லேயரில் வரைந்துவிடுங்கள். ஏற்கெனவே வெள்ளையில் வரைந்தாகிவிட்டது என்றால், காப்பி செய்யும் முன் தேர்வை ஒரு பிக்சல் உள்ளே சுருக்கினால் வளையத்தின் பெரும்பகுதி போய்விடும்.

மூன்றாவது புதிர், காணாமல் போன பறவை. 4000க்கு 3000 பிக்சல் கொண்ட ஒரு படம், புள்ளிக்கு 4 பைட் வீதம் சுருக்காமல் வைத்தால் 4.8 கோடி பைட். இதைப் பல வடிவங்களில் தயாரித்து நினைவகத்தில் நிரப்பினால், பேஸ்ட் செய்யப்படாமலே போகும் காப்பிகளுக்காக எவ்வளவு வீண் உழைப்பு! எனவே பல மென்பொருள்கள் காப்பி செய்யும்போது தரவை எடுத்து வைப்பதே இல்லை. "இந்த வடிவம் என்னிடம் உண்டு, கேட்கும்போது தருகிறேன்" என்று வாக்கு மட்டும் கொடுத்து வைக்கின்றன. நீங்கள் பேஸ்ட் செய்யும் நொடியில்தான் இயங்குதளம் முதல் மென்பொருளை அழைத்து, சொன்னதைத் தயாரிக்கச் சொல்கிறது. வாக்குக் கொடுத்தவரே வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டால் யாரிடம் கேட்பது? விண்டோஸில், மூடப்படும் மென்பொருளிடம் "போகும் முன் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டுப் போ" என்று கேட்கும் ஏற்பாடு உண்டு. சில மென்பொருள்கள் மூடும்போது கிளிப்போர்டில் பெரிய தரவு இருக்கிறது, வைத்துக்கொள்ளவா என்று நம்மைக் கேட்பது அப்போதுதான். லினக்ஸ் இயங்குதளத்தில் சாளரங்களைத் திரையில் காட்டப் பரவலாக இருந்துவரும் எக்ஸ்11 முறையில், கிளிப்போர்டைப் பார்த்துக்கொள்ளும் தனி நிரல் ஓடாவிட்டால், காப்பி செய்த மென்பொருள் மூடியதுமே நகலும் போய்விடும். பேஸ்ட் செய்து முடிக்கும்வரை மூலக் கோப்பைத் திறந்தே வைத்திருக்கும் பழக்கம் நல்லது.

விண்டோஸ் 10இல் 2018 முதல் கிளிப்போர்டு வரலாறும் இருக்கிறது. விண்டோஸ் விசையோடு வி அழுத்தினால் பழைய நகல்கள் வரிசையாகத் தெரியும். ஆனால் 25 உருப்படிகள் வரைதான், ஒவ்வொன்றும் 4 எம்பிக்குள் இருக்க வேண்டும். பெரிய படங்களை அதை நம்பி விடாதீர்கள்.

பேஸ்ட் செய்தது எங்கே போய் விழும் என்பது மென்பொருளுக்கு மென்பொருள் மாறும்: இங்க்ஸ்கேப் மவுஸ் இருக்கும் இடத்தில் வைக்கும், இல்லஸ்ட்ரேட்டர் சாளரத்தின் நடுவில் வைக்கும். எடுத்த இடத்திலேயே வைக்க இரண்டிலும் தனிக் கட்டளை உண்டு. அளவு மாறிவிட்டதாகத் தோன்றினாலும் பயப்பட வேண்டாம். பிக்சல் மென்பொருள்களில் புள்ளிக்குப் புள்ளிதான் ஒட்டப்படும். அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கோப்பில் 5 அங்குலமாக இருந்த 1500 பிக்சல் பறவை, 72 புள்ளி என்ற கோப்பில் 20 அங்குலத்தைத் தாண்டும். புள்ளி ஒன்றுகூடக் கூடவுமில்லை, குறையவுமில்லை.

அன்டூவைப் பற்றித் தனியாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பயமில்லாமல் வரையச் சொல்லிக்கொடுப்பது அதுதான். 1984இல் பில் அட்கின்சன் எழுதிய மெக்பெயின்ட் என்ற வரையும் மென்பொருள், வெறும் 128 கேபி நினைவகம் கொண்ட கணினியில் ஓடியது. அதற்குள்ளும் வரையும் சாளரத்தின் அளவுக்கு இரண்டு நகல்களை அவர் வைத்திருந்தார்: ஒன்றில் இப்போதைய படம், மற்றொன்றில் கடைசிச் செயலுக்கு முந்தைய படம். அன்டூ என்றால் பழையதைத் திருப்பிக் கொண்டுவருவது, அவ்வளவுதான். ஒரே ஒரு படி பின்னால் போகலாம். ஃபோட்டோஷாப்பும் 1998 வரை அப்படியே இருந்தது, 5.0 பதிப்பில்தான் பல படிகள் பின்னால் போகும் வரலாற்றுப் பட்டியல் வந்தது.

ஏன் அவ்வளவு தாமதம்? மேலே சொன்ன படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 50 படிகளுக்கும் முழுப் படத்தைச் சேமித்தால் 240 கோடி பைட் வேண்டும். அதற்கு ஒரு வழி, படத்தைச் சிறு சிறு சதுரங்களாகப் பிரித்து, தூரிகை தொட்ட சதுரங்களை மட்டும் எடுத்து வைப்பது. வெக்டர் மென்பொருள்களுக்கு இன்னும் எளிய வழி இருக்கிறது: "வலப்பக்கம் 10 நகர்த்தியது" என்று எழுதி வைத்தால் போதும், திரும்பும்போது இடப்பக்கம் 10 நகர்த்திவிடலாம். மங்கலாக்கு போன்ற செயல்களுக்கு அப்படித் தலைகீழ்ச் செயல் கிடையாது. மங்கிய படத்திலிருந்து பழைய கூர்மையைக் கணக்கிட்டு அப்படியே மீட்க முடியாது என்பதால், அங்கே பழைய புள்ளிகளைச் சேமித்தே ஆக வேண்டும்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. அன்டூ கோப்புக்குச் சொந்தம். கிளிப்போர்டு இயங்குதளத்துக்குச் சொந்தம். கட் செய்துவிட்டு அன்டூ அழுத்தினால் பறவை படத்துக்குத் திரும்பிவிடும், கிளிப்போர்டிலும் இருக்கும். மாறாக, கட் செய்து வைத்ததை மறந்து வேறொன்றைக் காப்பி செய்துவிட்டால் கிளிப்போர்டில் பழையது போய்விட்டது. எத்தனை முறை அன்டூ அழுத்தினாலும் கிளிப்போர்டு பின்னால் போகாது. ஆனால் கோப்பில் அந்த கட்டுக்கு முந்தைய நிலை வரை அன்டூ செய்து, பறவையை மறுபடி காப்பி செய்துகொண்டு, அன்டூ செய்ததை மறுபடி செய்யும் ரீடூவால் முன்னே வந்துவிடலாம். இடையில் ஒரு கோடுகூட வரைந்துவிடாதீர்கள். புதிதாக எது செய்தாலும் ரீடூ வரிசை பெரும்பாலும் துடைக்கப்பட்டுவிடும்.

ஒரே கோப்புக்குள் நகல் வேண்டுமென்றால் கிளிப்போர்டைத் தொடவே வேண்டாம். இங்க்ஸ்கேப்பில் கன்ட்ரோல் டி அழுத்தினால் அதே இடத்தில் இரட்டை உருவாகும். கிளிப்போர்டில் நீங்கள் வைத்திருப்பது அப்படியே பத்திரமாக இருக்கும். ஆல்ட் டி அழுத்தினால் குளோன் வரும். அது மூலத்தோடு கட்டுப்பட்ட நகல். மூலப் பறவையின் வாலை நீட்டினால் எல்லாக் குளோன்களின் வாலும் நீளும். பறவைக் கூட்டமோ, ஒரே இலை ஆயிரம் முறை வரும் மரமோ வரையும்போது இதைவிட நல்ல கட்டளை எனக்குத் தெரியவில்லை.

இந்தக் குளோன், பேஸ்ட்டைவிட வயதில் மூத்தது. 1963இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஐவன் சதர்லாந்து தன் ஆய்வுப் பட்டத்துக்காக உருவாக்கிய ஸ்கெட்ச்பேட் என்ற மென்பொருள், திரையில் ஒளிப்பேனாவால் நேரடியாக வரைய வழிசெய்தது. அதில் ஓர் அறுகோணத்தை ஒரே ஒரு முறை வரைந்து, தேன்கூடுபோல் நூற்றுக்கணக்கான இடங்களில் அவரால் நிறுத்த முடிந்தது. மூல அறுகோணத்தை அரைவட்டமாக மாற்றினால் போதும், தேன்கூடு முழுவதும் மீன் செதிலாக மாறிவிடும்.